சீனடி எந்த ஊர் அடி?

மட்டக்களப்பு வாவியை ஒட்டிய ஊர்களிலும், தெற்கே கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று நீளும் கரையிலும் கைச்சண்டைக் கலைக்குப் பழகிப்போன பெயர் சீனடி. கம்புக்குச் சிலம்படி, வெறுங்கைக்குச் சீனடி என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இச்சொல் உண்டு. 'அடி' என்ற தமிழையும் சுமந்துகொண்டு சிங்களத்துக்கும் போயிருக்கிறது. ஆனால் இன்று குங்ஃபூ பழக ஆசைப்படும் இப்பகுதி இளைஞனின் மனத்தில் இருப்பது ஷாவ்லின், விங் சுன், தாய்ச்சி. கைப்பேசித் திரையில் அவற்றின் நிழல் கிடைக்கிறது. பட்டணத்தில், ரியூசன் முடிந்து வாங்குகள் ஒதுக்கப்பட்ட மண்டபத்தில், கராத்தே கிடைக்கிறது. ஊரில் யாரோ ஒரு முதியவரிடம் சீனடி மிஞ்சியிருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் அவனுக்கு முதலில் எழுவது சந்தேகம்தான்: இது மெய்யாகவே சீனத்துக் கலையா, பெயரளவில் மட்டும் சீனமா? பார்வைக்கு இது வரலாற்றாசிரியனிடம் கேட்க வேண்டிய கேள்வி. உள்ளே இருப்பது வேறு: ஒன்று எங்கே பிறந்தது என்பது அது மெய்யானதா என்பதைத் தீர்மானிக்குமா? சமயங்கள் எல்லாவற்றையும் அலைக்கழித்த கேள்வி இது. தீர்மானிக்காது என்பது என் கட்சி. அப்படிச் சொல்பவன், மெய்யான மரபையும் போலியையும் வேறு எதைக் கொண்டு பிரிப்பாய் என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழில் 'அடி' என்றால் தாக்குதல். பாதமும் அதுவே, எடுத்து வைக்கும் எட்டும் அதுவே. ஆகவே சீனடி சீனக் குத்தாகவும் இருக்கலாம், சீனக் காலடியாகவும் இருக்கலாம். காலடி சரியில்லாமல் குத்து சரிவராது என்பதால் பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் ஒரு குழப்பமே இல்லை. 'சீன' என்ற முன்சொல்தான் வழுக்குகிறது. பட்டாசுக்கு நம் ஊரில் பெயர் சீனவெடி. அடுப்படியில் சீனச்சட்டி, தேநீரில் சீனி, நாட்டு மருந்துப் பெட்டியில் சீனக்காரம். திருகோணமலையில் சீனன்குடா, பேருவளையில் சீனன்கோட்டை. கடல்வழி வந்த புதுமைக்கும் விந்தைக்கும் தமிழ் தாராளமாகச் சூட்டிய அடைமொழி அது. ஒவ்வொன்றையும் சீனன் ஒருவன் கையால் கொண்டுவந்து தந்தான் என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை. வாவிக் கரையின் பழைய கதைகள் முக்குவர் வருகையை மலையாளக் கரையோடு இணைக்கின்றன. தாய்வழிக் குடிமுறையும் அந்தப் பக்கத்தையே நினைவூட்டுகிறது. தென் திருவிதாங்கூர், குமரிப் பகுதிகளின் அடிமுறைக்கும் இதே ஓசையுள்ள ஒரு பெயர் வழங்கியதுண்டு. எனவே பெயரும் கலையும் சேர்ந்தே அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது சீனத்தைக் காட்டிலும் அருகில் இருக்கும் ஊகம். ஊகம்தான், அதற்கு மேல் அதன்மேல் எதையும் ஏற்றக் கூடாது.

சீனர் இலங்கைக்கு வந்தது மட்டும் ஊகமில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாகியான் இங்கே தங்கிப் பௌத்த ஏடுகளைத் தேடினார். அட்மிரல் செங் ஹேயின் கப்பல்கள் கொண்டுவந்த கல் 1409ஆம் ஆண்டுத் தேதியைத் தாங்கி நிற்கிறது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று போகும் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. அடிக்கும் கலையைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் இந்தக் கடற்கரைகளில் மூன்று சமயத்தவரும் சீனரும் ஒரே துறைமுகத்தில் நின்றார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். நின்றார்கள் என்பதிலிருந்து கற்பித்தார்கள் என்பதற்குத் தாவுவதுதான் நம் ஆசை செய்யும் வேலை.

வேடிக்கை என்னவென்றால், தமிழர் ஆசை எதிர்த்திசையிலும் பாய்கிறது. வாவிக் கரையில் நம் கலைக்குச் சீனப் பெயர். அதே வேளையில் சீனக் கலையே நம்மிடமிருந்து போனது என்ற பெருமிதம். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் ஷாவ்லின் மடத்துத் துறவிகளுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்ற கதை நெடுநாளாக உலவியது. 2011இல் வந்த '7ஆம் அறிவு' படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. சான்றுகள் என்ன சொல்கின்றன? போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 547 அளவில் யாங் சுவான்ஷி எழுதிய லுவோயாங் நகர மடங்களின் பதிவில் இருக்கிறது; அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. தென்னிந்தியர் என்பது அதற்குப் பிந்திய பௌத்த ஆசிரியர்கள் சொல்வது. காஞ்சி இன்னும் பிந்தியது. ஷாவ்லின் மடம் 495இல், போதிதர்மருக்காக அன்றி, பாதுவோ என்று சீனர் அழைத்த வேறொரு இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. மடத்துத் துறவிகள் ஆயுதம் எடுத்ததற்கு உறுதியான சான்று 621ஆம் ஆண்டுக்குரியது: பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமினுக்குத் துணையாக அவர்கள் போரிட்டதை 728இல் நட்ட கல்வெட்டு பதிகிறது. அந்தப் போரோடு போதிதர்மரை அது இணைக்கவில்லை. அவர் உடற்பயிற்சி கற்பித்ததாகச் சொல்லும் 'யிஜின் ஜிங்' என்ற நூல் 1624ஐ ஒட்டி எழுதப்பட்டது. அதன் பழமைக்குச் சாட்சியாகச் சேர்க்கப்பட்ட பிரபலர்களின் முன்னுரைகள் போலி என்று 1930களில் தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் காட்டினார். மெயிர் ஷாஹாரின் 2008ஆம் ஆண்டு நூலும் அதை உறுதிசெய்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஷாவ்லினின் புகழ் கம்புக்குத்தான். வெறுங்கைச் சண்டை இன்னும் பரவவில்லை என்று அக்காலத்தில் மடத்தில் கற்ற செங் சோங்யூ தம் கம்பு நூலில் ஒப்புக்கொள்கிறார். ஆக, சிலம்படிக்காரர் ஒருவர் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்ட ஷாவ்லின் கைக்குத்தைக் கண்டு ஏங்க வேண்டியதில்லை. அந்த மடத்தின் பழைய துறவியும் அவரைப்போலவே கம்போடு நின்றவர்தான்.

இரண்டு கதைகளும் எதிரெதிராகத் தெரிகின்றன. செய்யும் வேலை ஒன்றே. தூரத்து மூலம் ஒன்றைக் காட்டி, கையில் இருப்பதற்கு மதிப்புக் கேட்கின்றன. மதிப்புக் கேட்கும் இந்த வழி சமயங்களிடம் இருந்து வந்தது. போதிதர்மரை இந்தியாவின் இருபத்தெட்டாம் குருவாக வைத்து, புத்தர் வரை இடைவெளியில்லாமல் எண்ணும் குருவரிசையைச் சான் பௌத்தர்கள் எட்டாம் நூற்றாண்டு வாக்கிலிருந்துதான் கட்டி எழுப்பினார்கள். சைவத்துக்குக் குருபரம்பரை, சூஃபி தரீக்காக்களுக்கு சில்சிலா. நம் வாவிக் கரையில் இது இன்னும் மண்ணோடு ஒட்டிய விவகாரம்: கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் போன்ற தேசத்துக் கோயில்களில் யாருக்கு எந்த வரிசை, யாருக்கு எந்த உரிமை என்பதைப் பழைய கல்வெட்டுப் பாடல்களும், 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'மும் சொல்லும் வருகைக் கதைகளே தாங்கிப் பிடிக்கின்றன. முதலில் யார் வந்தார், யார் யாருக்கு எதைக் கொடுத்தார் என்பதே அங்கு சட்டம். உரிமைக்கு இந்தத் தர்க்கம் பொருந்தும். வண்ணக்கர் பதவியோ கோயில் முன்னீடோ தொடக்கத்தைக் காட்டிக் கோரத்தக்கவை, ஏனெனில் அவை கொடுக்கப்பட்டவை. ஒரு காலடியைக் கோர முடியாது. பாட்டனார் சீனத்துக்கே போய்க் கற்றுவந்திருந்தாலும், பேரனின் குதிகால் தரையை விட்டு எழுமானால் அவனைத் தள்ளிவிடலாம். உரிமைக்கான தர்க்கத்தை ஆற்றலுக்குப் பொருத்தியதுதான் பிழையின் வேர்.

அப்படியானால் ஆசானிடமிருந்து மாணவனுக்கு என்னதான் போய்ச் சேர்கிறது? ஷாவ்லின் மடம் எந்தச் சமயத்தைச் சேர்ந்ததோ அந்தச் சமயத்துக்குள்ளேயே இதற்கு நல்ல விடை இருக்கிறது. இலங்கைப் பௌத்தர் போற்றும் பாளி நூலான 'மிலிந்த பஞ்ஹ'வில். இறந்தவனிடமிருந்து பிறப்பவனுக்கு எதுவும் கடந்து போகாமலே மறுபிறப்பு எப்படி என்று மிலிந்த மன்னன் கேட்க, நாகசேனர் இரண்டு உவமை சொல்கிறார். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் பழைய சுடர் புதிய திரிக்குக் குடிபெயர்கிறதா என்பது ஒன்று, அது புகழ்பெற்றது. மற்றதை யாரும் அதிகம் பேசுவதில்லை: சிறுவயதில் ஆசிரியரிடம் ஒரு பாட்டைக் கற்றாயே, அந்தப் பாட்டு அவரை விட்டு உன்னிடம் இடம்மாறியதா? மாறவில்லை. அவரிடம் இருந்தபடியே இருக்க, உன்னிடமும் உண்டாயிற்று. நமக்கு உதவுவது இந்த இரண்டாவதுதான். மரபு என்பது கைமாறும் பொருள் என்று எண்ணினால்தான் அது முதலில் யார் கையில் இருந்தது என்ற கேள்விக்குப் பொருளுண்டு. திருட்டு நகையை விசாரிப்பதுபோல் பின்னோக்கிப் போகலாம். ஒவ்வொருவரிலும் புதிதாக உண்டாக வேண்டியது என்று எண்ணினால், விசாரிக்க வேண்டிய இடம் பின்னால் இல்லை. ஒரு விளக்கு இன்னொன்றைத் தொட்டதே, அந்தக் கணத்தில் இருக்கிறது.

அந்தக் கணம் எப்படிப்பட்டது? கம்பு சுழற்றப் பழகுபவன் தன் முழங்கை எங்கே நிற்கிறது என்று தானே அறிய மாட்டான். அறிந்துவிட்டதாக நினைப்பான். எதிரே நிற்பவரின் கம்பு கணுக்காலில் பட்ட பிறகுதான் அறிவான். எட்டு, இடைவெளி, பாரம் எந்தக் காலில் என்பவை கண்ணுக்குத் தெரியும் வடிவங்கள்போல் இருந்தாலும், பார்த்துக் கற்க முடியாதவை. இன்னொரு உடல் தன் எதிர்ப்பால் திருத்தித் தர வேண்டும். திருத்துபவரும் ஒரு காலத்தில் அப்படித் திருத்தப்பட்டவராக இருக்க வேண்டும். ஆகவே மரபு என்பதற்கு நான் தரும் பொருள் திருத்தத்தின் தொடர்ச்சி. கலையின் வடிவம் அந்தத் திருத்தத்தில் மாறலாம், சொற்கள் கலக்கலாம். சிலம்பத்தின் முதல் வணக்கத்துக்குச் 'சலாம் வரிசை' என்று பெயர். சலாம் அரபு, வரிசை தமிழ். கோயில் வாசலில் விளையாடுபவரும் அந்தப் பெயரையே சொல்கிறார், கலை கெட்டதாக யாரும் சொன்னதில்லை. தொடர்ச்சி அறுந்தால்தான் கெடும்.

எதிர்வாதம் உடனே வரும்: மூலத்தைக் கேட்காவிட்டால், தெருவில் போகிறவனெல்லாம் ஆசான் ஆகிவிட மாட்டானா? மூலம் ஒரு காவல் அல்லவா? நியாயமான அச்சம். ஆனால் போலிகள் எதைப் போலி செய்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். 1624இன் அந்த நூல் போலி செய்தது மூலத்தை. சுவரில் தொங்கும் சான்றிதழ், குருவரிசைப் படம், தூரத்து மடத்தின் முத்திரை எல்லாம் மூலத்தின் அடையாளங்கள், அச்சகத்தில் கிடைப்பவை. இதை நன்கு உணர்ந்தவர்கள் ஹதீஸ் அறிஞர்கள். அறிவிப்பாளர் வரிசை நபிகள் நாயகம் வரை போய்ச் சேர்கிறது என்பதோடு அவர்கள் நிறைவடையவில்லை. வரிசையில் அடுத்தடுத்து வரும் இருவர் மெய்யாகவே சந்தித்தார்களா, சந்தித்திருக்கக்கூடிய காலத்திலும் ஊரிலும் வாழ்ந்தார்களா, ஒவ்வொருவரின் நினைவாற்றலும் நாணயமும் எப்படி என்று கண்ணி கண்ணியாகச் சோதித்தார்கள். அதற்கென்று ஆட்களைப் பற்றிய ஒரு தனித் துறையே வளர்ந்தது. இஸ்னாத் என்னும் அந்த வரிசையின் பெருமை அது எங்கே முடிகிறது என்பதில் மட்டுமாக இருக்க முடியாது, ஏனெனில் பொய் ஹதீஸ்களும் அங்கேயேதான் முடிந்தன. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ மதரஸாவில் ஓதியவருக்கு இது புதிய செய்தியல்ல. அதே கண்டிப்பைச் சண்டைக் கலையின் பக்கமும் திருப்பலாம் என்றுதான் சொல்கிறேன். உன் கலை எந்த மடத்தது என்று கேட்பதைவிட, உன்னை யார் அடித்துத் திருத்தினார், எத்தனை காலம், அவர் இன்னும் உன்னைத் திருத்துகிறாரா என்று கேட்பது கடினமான கேள்வி. போலிக்கு அதிலிருந்து தப்புவதும் கடினம்.

சீனத்திலேயே போய்ப் பார்த்தாலும் கதை மூலத்தின் பக்கம் சாயவில்லை. 1928இல் போர்த்தலைவர் ஒருவரின் படை ஷாவ்லின் மடத்தின் பெரும்பகுதியைக் கொளுத்தியது. 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் பழைய ஆசான்கள் வாயடைத்துப் போனார்கள். அரசு வளர்த்த வூஷு, புள்ளி போடத்தக்க அழகிய வரிசைகளாகக் கலைகளை மாற்றியது. ஒருவரையொருவர் தொட வேண்டிய தேவை அதில் இல்லை. 1982இல் ஜெட் லீ நடித்த 'ஷாவ்லின் கோயில்' படம் வந்த பிறகு மடத்தைச் சுற்றிப் பள்ளிகள் முளைத்தன. 1983 முதல் 1986 வரை நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பு, தனக்கென்று வரலாறும் முறையும் உள்ள 129 பாணிகளைப் பட்டியலிட்டது. பட்டியல் இட்டதும் காத்ததும் ஒன்றல்ல. விங் சுன் பிழைத்தது வேறு வழியில்: ஃபோஷானை விட்டு ஹாங்காங்குக்கு வந்து சேர்ந்த இப் மான், 1950இல் உணவகத் தொழிலாளர் சங்கத்தின் இடத்தில் வயிற்றுப்பாட்டுக்காகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். புரூஸ் லீ வந்தது அங்கிருந்துதான். இன்று மரபான சீனக் கலையைத் தேடுபவர்கள் சீனத்தை விட்டு ஹாங்காங்குக்கும் மலேசியாவுக்கும் போகிறார்கள் என்றால், ஊற்று இருந்த இடமும் நீர் ஓடும் இடமும் வேறாகிவிட்டன என்று பொருள். 2017 ஏப்ரலில் செங்டுவில் கலப்புச் சண்டைக்காரர் ஷு ஷியாவ்டோங், தாய்ச்சி ஆசானாக அறியப்பட்ட வெய் லெய்யைச் சில விநாடிகளில் வீழ்த்தியதைக் காட்டி, மரபுக் கலைகள் எல்லாம் ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் காட்சி வேறொன்றைச் சொல்கிறது. பெயர், பாணி, பட்டம் எல்லாம் இருந்தும் ஒருவரை யாரும் நெடுநாள் அடித்துத் திருத்தாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். தாய்ச்சியின் மூலத்தில் குறை தேடிப் பயனில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2020இல், யுனெஸ்கோ தாய்ச்சியை மனிதகுலப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அது விழுந்தவரை எழுப்பிவிடவும் இல்லை, எழுந்து நிற்பவருக்குத் தேவையாகவும் இல்லை.

இதைவிடக் கூரிய எதிர்வாதம் ஒன்று நம் மண்ணிலிருந்தே வரும். தொடர்ச்சி அறுந்தால் எல்லாம் முடிந்ததா? காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் வழக்கொழிந்த யாழை ஏடுகளிலிருந்து மீட்கவில்லையா? சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஆதாரமாக வைத்து, கணக்கிட்டு, கருவி செய்வித்து, 1947இல் 'யாழ் நூலை' அரங்கேற்றி, அடுத்த மாதமே மறைந்தாரே. திருத்தும் கை எதுவும் இல்லாத இடத்தில் நடந்த மீட்பு அல்லவா அது? எனக்கு இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க மனமில்லை. யாழ் மீண்டது, கருவியாகவும் சுருதிக் கணக்காகவும். யாழ்ப்பாணன் ஒருவன் மீளவில்லை. விரல் நரம்பை எப்படித் தொட்டது, எந்த இடத்தில் அழுத்தியது, எங்கே விட்டுக்கொடுத்தது என்பதை நூல் சொல்லாது, அடிகளும் சொன்னதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஏடு எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு அவர் நூலே சிறந்த அளவுகோல். அதன்பின் யாராவது ஒருவர் வாசித்து, இன்னொருவர் அதைக் கேட்டுத் திருத்தி, புதிதாக ஒரு தொடர்ச்சி தொடங்க வேண்டும். தொடங்கினால் அது பழைய பாணனின் மரபாக இருக்காது. மெய்யான மரபாக இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு மயிரிழை. பழகுபவருக்கு அதுவே எல்லாம். கூத்திலும் இதே விவாதம் நடந்தது. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோய்ச் சுருக்கிச் செப்பனிட்டார்; 'கர்ணன் போர்', 'இராவணேசன்' அப்படி வந்தவை. பின்னாளில் சி. ஜெயசங்கர் சீலாமுனை மக்களோடு இருந்து, அண்ணாவியார்களையும் ஊராரையும் வைத்தே கூத்தை மீளுருவாக்கும் வழியை வற்புறுத்தினார். முதலாவது முயற்சி கூத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தது, அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் யார் ஆட்டத்தைத் திருத்தும் உரிமை உடையவர் என்ற கேள்வியை இரண்டாவதுதான் கேட்டது. சீனடிக்கும் இதே தெரிவு காத்திருக்கிறது: விழா மேடையில் ஐந்து நிமிடக் காட்சியாகப் பிழைப்பதா, யாரோ ஒருவரின் வளவில் மாலைதோறும் அடிபட்டுப் பிழைப்பதா.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு இந்தக் கரையில் இருந்து இதை எழுத முடியாது. முப்பது ஆண்டுப் போரைக் கண்ட மண்ணில், இளைஞருக்கு அடிக்கக் கற்றுக்கொடுப்பதை ஒரு மரபு என்று போற்றலாமா? 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் ஏறாவூரில், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில். வாவியின் இரு பக்கமான எழுவான்கரையும் படுவான்கரையும் ஒருவரையொருவர் பார்க்க அஞ்சிய ஆண்டுகள் அவை. கொல்லாமையைச் சொல்லும் பௌத்தத்தின் துறவிகளே 621இல் ஆயுதம் எடுத்தார்கள் என்பது ஆறுதல் அல்ல, பிரச்சினையின் இன்னொரு முகம். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அந்த ஆண்டுகளில் கொன்ற கருவிக்கு மரபு தேவைப்படவில்லை. துப்பாக்கியைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம். பழக்குபவர் பழகுபவனின் குணத்தை அறிய வேண்டியதில்லை, எதிரே நிற்பவனின் முகத்தை அறிய வேண்டியதே இல்லை. கையடிக் கலை அப்படிப் பரவாது. அதற்கு எதிரே நின்று அடிவாங்கச் சம்மதிக்கும் ஒருவன் வேண்டும், நாளைக்கும் அவன் வர வேண்டும். ஆகவே இன்று அவனை உடைத்துவிட முடியாது. அடக்கம் இங்கே அறிவுரையாக வருவதில்லை, பயிற்சியின் நிபந்தனையாகவே வருகிறது. இதனால் கற்றவர் எல்லாரும் நல்லவர் ஆகிவிடுவார் என்று நான் சொல்ல வரவில்லை. சண்டியர்களும் கற்றார்கள், திருவிழாக் கலவரங்களில் கம்பு வீசினார்கள். ஆனால் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது, எவ்வளவோடு நிறுத்துவது என்று ஆசான் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் கலைக்குள்ளேயே இருந்தது.

அந்தக் கட்டாயத்துக்கு ஒரு நிழல் பக்கமும் உண்டு. கடைசி அடியைச் சொல்லிக்கொடுக்காமல் வைத்துக்கொள்வது எல்லா நாட்டு ஆசான்களின் வழக்கம். புலிக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்த பூனை, மரமேறுவதை மட்டும் சொல்லிக்கொடுக்காமல் தப்பிய கதை சீனத்தில் உண்டு. 'ஒரு கையை மிச்சம் வைப்பது' என்று அங்கே அதற்குப் பெயர். மிச்சம் வைத்தவரோடு அந்த அடி போய்விடும். நாலு தலைமுறை ஆளுக்கு ஒரு கை மிச்சம் வைத்தால் ஐந்தாவது தலைமுறைக்கு எஞ்சுவது வணக்கம் மட்டும்தான். குணத்தைச் சோதிக்கும் உரிமையும் அச்சத்தால் ஒளிக்கும் வழக்கமும் ஒரே மறுப்பாக வெளியே தெரிவதால், எது எது என்று மாணவனால் பிரிக்க முடியாது. ஆசானாலும் எப்போதும் முடியாது என்றே நினைக்கிறேன்.

மறுப்புகளில் மிகப் பெரியது எதுவென்று யாரும் எண்ணுவதில்லை. விங் சுன்னின் தோற்றக் கதை, இங் மூய் என்ற பிக்குணி இம் விங் சுன் என்ற இளம்பெண்ணுக்குக் கற்பித்ததில் தொடங்குகிறது. கதை உண்மையோ பொய்யோ, அதற்குப் பிறகு வரும் குருவரிசையில் ஏறத்தாழ எல்லாரும் ஆண்கள். தோற்றத்தைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் தொடர்ச்சியை ஆண்களிடம் வைத்துக்கொண்டது மரபு. வாவிக் கரையில் இது இன்னும் விநோதமாகிறது. இங்கே குடி தாய்வழி. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும்; மணமான மகன் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான், மருமகன் இந்த வீட்டுக்கு வருவான். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதுவே நடைமுறை. சீனடியைத் தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தால், திருத்தும் கையும் திருத்தப்படும் உடலும் ஒரு கலியாணத்தோடு வேறு வேறு ஊரில் இருக்கும். கட்டாருக்கோ கொழும்புக்கோ போனால் கேட்கவே வேண்டாம். இந்தப் பக்கம் கலைகள் ஏன் இவ்வளவு விரைவில் மெலிந்தன என்று போரையும் கராத்தேயையும் சினிமாவையும் குறைசொல்லும்போது, வீட்டின் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டணத்துக் கராத்தே வகுப்பில் வெள்ளைச் சீருடையோடு பெண்பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். சீனடி தெரிந்த கிழவரின் வளவில் மாலை விளக்கு ஏற்றுபவள் அவருடைய மகள். அந்த வீடு அவளுடையது, அவள் எங்கும் போகப்போவதில்லை.